கத்திச் சிப்பி

இந்தக் கடற்கரையில் காசு செல்லாது,
பிள்ளைகளின் கடைகளில் மட்டும்.
மணலை மேசை உயரம் குவித்து
முழங்கையால் தட்டி மட்டமாக்கி
வரிசையாய்ப் பூக்களை நட்டுவிட்டால் கடை.
எல்லாம் கிரேப் காகிதப் பூக்கள்,
கம்பித் தண்டு, பச்சை ஒட்டுநாடா.
ஜூன் மாதம் முழுக்க எங்கள் கெண்ட் வீட்டில்
சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

விலை கத்திச் சிப்பியில்.
நீளமாய், உடையாமல் இருக்க வேண்டும்.
இரண்டு ஓடும் பிரியாமல் ஒட்டியிருந்தால் இரட்டை மதிப்பு.
பக்கத்து ஊரில் வேறு சிப்பிதான் செல்லுமாம்.
டிராமில் மூன்று நிறுத்தம் தாண்டினால்
எங்கள் செல்வமெல்லாம் குப்பை.

ஒன்பது வயது ஃபீன் கறாரான முதலாளி.
'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று
அட்டையில் எழுதிக் குத்தி வைத்திருக்கிறாள்.
முதல் போணி, நாயோடு வந்த ஒரு பெண்மணி.
கை நிறையச் சிப்பி கொடுத்து ஒரு பாப்பி கேட்டார்.
ஃபீன் எண்ணினாள்.
மூன்று குறைந்தது.
அந்த அம்மாள் நீரோரம் வரை திரும்ப நடந்தார், நாயும்.
நான் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

செவ்வாய் இரவு முழுக்கக் காற்று.
புதன் காலை பார்த்தால்
வடகடல் ஒரு கிடங்கையே கொட்டிவிட்டுப் போயிருந்தது.
கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கியது நாணயம்.
நடை பழகும் குழந்தைகள்கூட
வாளி தளும்பும் கோடீஸ்வரர்கள்.
பத்து மணிக்கு ரோஜா இருபது சிப்பி.
பதினொன்றுக்கு ஐம்பது.
மதியம் அடித்துவிட்டு 'ஒரு வாளி' என்று எழுதினாள்.
வங்கியில் வேலை பார்க்கும் லீவன்
விடுமுறையிலுமா என்று
தொப்பியால் கண்ணை மூடிக்கொண்டான்.

வான்னஸுக்கு ஆறு வயது. வியாபாரத்தில் நாட்டமில்லை.
அவன் குழி தோண்டுகிறான்.
தினம் ஒன்று. தினமும் கடல் வந்து மூடிவிடும்.
எதற்கடா என்றால்
'ஆழத்துக்கு' என்கிறான்.
இன்றைய குழி இதுவரை தோண்டியதில் பெரிது,
லீவனின் மண்வெட்டியும் சேர்ந்துகொண்டதால்.

ஆனால் அவனுக்கு அந்த நீலப் பூ வேண்டும்.
கடையிலேயே நீலம் அது ஒன்றுதான்.
சிப்பி பொறுக்க எங்கே நேரம்?
'என் குழியை எடுத்துக்கோ.'
'குழியை எப்படி எண்ணுறது?'
'ஒண்ணு' என்றான்.

பேரம் முறிந்தது.

மூன்று மணிக்கு மழை.
அறிவிப்பில் வெயில் என்றுதான் போட்டிருந்தார்கள்.
அணை மேல் மிதிவண்டிகள் மணியடித்துச் சிதறின.
காற்றுத் தட்டிகள் ஒவ்வொன்றாய்க் குப்புற விழுந்தன.
எங்கள் வாடகை வீடோ ஏழாவது மாடியில், அடுத்த தெருவில்.
ஃபீன் கடையை மார்போடு வாரிக்கொண்டு நின்றாள்.
சாயம் இறங்கிச் சட்டையெல்லாம் ரோஜா.
'இங்கே!'
மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் தெரிந்தது.

இறங்கினோம்.
நாலு பேர், ஒரு கடை, ஒரு வாஃபிள்.
தட்டித் துணியை இழுத்துக் கூரை போட்டான் லீவன்.
என் முழங்காலில் யாருடைய தாடையோ இடித்தது.
மேலே மழை படபடத்தது.
காற்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது,
எங்களைத் தேடுவது போல.
வாஃபிளைக் கடித்தோம், மணலோடு.

ஃபீன் சுவரைத் தடவிப் பார்த்தாள்.
'கதவு இல்ல' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, 'கூரை ஒழுகுது.'
பிறகு நீலப் பூவை நீட்டினாள்.
அதன் நீலத்தில் பாதி
ஏற்கெனவே அவள் கைக்கு வந்திருந்தது.

வாங்கிக்கொண்டு வான்னஸ் மறு கையை விரித்தான்.
'மீதி?'
மூன்று சிப்பி எண்ணி வைத்தாள்.

மழை விட்டது. ஆறரைக்குக் கடல் ஏறி வந்து
அவள் சொத்தைச் சுற்றிப் பார்த்தது,
ஒரு மூலையில் கால் வைத்தது.
ஃபீன் அசரவில்லை.
அட்டையைத் திருப்பி, நனைந்த பேனாவை உதறி எழுதினாள்:

'குழி விற்பனைக்கு.
தண்ணீர் வசதி உண்டு.'